சினாப்டிக் புரூனிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

வளரும் மூளையில் நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்புகள் குறைவதை ஆங்கிலத்தில் 'சினாப்டிக் புரூனிங்' என்கிறார்கள். குழந்தை வளர்ப்பு பற்றி எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லை அப்படியே ஒலிபெயர்த்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் 'மூளை செல்கள் அழிவது' என்று ஒரு விளக்கமும் சேர்த்துவிடுகிறார்கள். அது தவறு. இங்கே செல் சாவதில்லை. ஒரு நரம்பு செல் இன்னொன்றோடு தொடர்பு கொள்ளும் முனை மட்டும்தான் நீங்குகிறது. வளரும் மூளையில் செல் இறப்பும் உண்டு, ஆனால் அது வேறு கதை, பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடும்.

'சினாப்ஸ்' 1897-இல் பிறந்த சொல். மைக்கேல் ஃபாஸ்டரின் உடலியல் பாடநூலுக்கு நரம்பு மண்டலப் பகுதியை எழுதிய சார்லஸ் ஷெரிங்டன் முதலில் 'சின்டெஸ்ம்' என்று வைக்க நினைத்தார். கிரேக்கம் கற்ற வெரால் என்பவர்தான் சினாப்ஸ் என்று மாற்றச் சொன்னார். 'சின்' என்றால் சேர்ந்து, 'ஹாப்டீன்' என்றால் பற்றுதல். ஆனால் பெரும்பாலான சினாப்ஸ்களில் இரண்டு செல்லும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, நடுவில் சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது என்பது 1950-களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்தது. தமிழில் நரம்பிணைப்பு என்கிறோம், போதும்.

சிக்கல் 'புரூனிங்'கில்தான். அதற்குப் பீட்டர் ஹுட்டன்லோக்கர் என்ன கண்டார் என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியில் 1931-இல் பிறந்து, அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய குழந்தை நரம்பியல் மருத்துவர் அவர். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் மூளையில் என்ன மாறியிருக்கிறது என்பதுதான் அவருடைய தொடக்கக் கேள்வி. சரி, மாறியதைச் சொல்ல வேண்டுமென்றால் இயல்பானது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமே? பிறந்த குழந்தை முதல் 90 வயதுவரை, இறந்தவர்களின் இயல்பான 21 மூளைகளை எடுத்து, மூளையின் முன்பகுதியான முன்மடலில் நரம்பிணைப்புகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணினார். 1979-இல் வெளியான முடிவு யாரும் எதிர்பார்க்காதது: ஒன்று முதல் இரண்டு வயதில் இணைப்புகளின் அடர்த்தி பெரியவர்களின் சராசரியைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகம், அப்புறம் 16 வயதுவரை படிப்படியாகக் குறைகிறது. வளர்ச்சி என்றால் கூடிக்கொண்டே போவது என்ற எண்ணத்துக்கு நேர் எதிர். பார்வையைக் கையாளும் மூளைப் பகுதியான பார்வைப் புறணியில் உச்சம் அதைவிட முன்னதாக, 8 மாத வாக்கிலேயே வந்துவிடுகிறது என்பதும் பிறகு தெரிந்தது. மூளை ஒரே கால அட்டவணையில் வளர்வதில்லை என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தப் பேச்சுக்கு எண்ணிக்கையோடு அடித்தளம் போட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

அவருடைய 1984 கட்டுரைத் தலைப்பில் இருப்பது 'எலிமினேஷன்', அதாவது நீக்கம். புரூனிங் என்றால் செடியின் கிளைகளை வெட்டிவிடுவது, தோட்டத்திலிருந்து வந்த உருவகம். இதற்குக் 'களையெடுப்பு' என்று போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. களை வேறு செடி, வேண்டாதது. இங்கே போவது அதே செடியின் கிளை, ஒரு காலத்தில் வேலை செய்த கிளையாகவும் இருக்கலாம். 'இழப்பு' என்றால் ஏதோ நோய் போல ஒலிக்கிறது. என் தேர்வு கவாத்து: காய்ப்பு கூட வேண்டும் என்று வெட்டுவது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. கவாத்துக்குப் படைப் பயிற்சி என்றும் ஒரு பொருள் உண்டு, அந்தக் கவாத்து அரபியிலிருந்து உருது வழியாக வந்தது என்பதால் இதிலும் சிலர் தயங்குவார்கள், அவர்கள் 'நரம்பிணைப்புக் கத்தரிப்பு' என்று எழுதலாம், குறையில்லை.

ஒன்றில் மட்டும் கவனம். கவாத்து என்றதும் மேலிருந்து ஒருவர் திட்டமிட்டு வெட்டுவதாகத் தோன்றும். மூளையில் அப்படி யாரும் இல்லை. அதிகம் இயங்கும் இணைப்பு நிலைக்கிறது, இயக்கம் குறைந்ததை மைக்ரோகிளியா என்ற நோய் எதிர்ப்பு செல்களும் சேர்ந்து விழுங்குகின்றன. ஆகவே 'மூளை கவாத்து செய்கிறது' என்பதைவிட 'நரம்பிணைப்புகள் கவாத்தாகின்றன' என்று எழுதுவது பொருத்தம்.