திறந்த கச்சான் பட்டர் போத்தலுக்குள் நடப்பது

புதுக்குடியிருப்பிலிருந்து அக்கா கொடுத்துவிட்ட கச்சான் பட்டரைத் திறந்தால், மேலே ஒரு விரற்கடை உயரத்துக்கு எண்ணெய் நின்றது. "பழுதாப் போச்சு போல" என்று அம்மா ஊற்றப் போனா. நல்லவேளை, நான் பக்கத்தில் நின்றேன்.

கச்சான் பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். வறுத்து அரைக்கும்போது பருப்பின் கலங்கள் உடைந்து அந்த எண்ணெய் வெளியே வரும். பாரமான பருப்புத் துணிக்கைகள் ஆறுதலாக அடியில் இறங்க, எண்ணெய் மேலே நிற்கும். கடைப் போத்தல்கள் பலவற்றில் ஐதரசன் ஏற்றிய தாவர எண்ணெய் கொஞ்சம் சேர்ப்பார்கள். அது கட்டியாகி எண்ணெயைப் பிடித்து வைப்பதால் அங்கே இப்படிப் பிரிவதில்லை. அக்கா அரைத்ததில் கச்சானும் உப்பும் மட்டுமே. எண்ணெயை ஊற்றிவிட்டால் மிஞ்சுவது வறண்ட மாதான். அடிவரை கிளறிச் சேர்த்துவிட வேண்டும்.

அப்போ எது பழுதாக்கும்? பாணில் மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கிறது, அதில் பூசுகிற கச்சான் பட்டரில் பிடிப்பதில்லை. நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடிய தண்ணீர் ஓர் உணவில் எவ்வளவு இருக்கிறது என்பதை 0 முதல் 1 வரை அளப்பார்கள். 0.6க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகாது. கச்சான் பட்டர் 0.4ஐக்கூட எட்டாது. ஆனால் பெருகாது என்பதற்காகச் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். வயிற்றோட்டமும் காய்ச்சலும் தரும் சல்மனெல்லா என்ற பக்டீரியா அந்தக் கொழுப்புக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 2008, 2009இல் அமெரிக்காவில் கச்சான் பட்டர் வழியாக அது பரவி 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 9 பேர் இறந்தார்கள். அதனால் அரைக்கும் பாத்திரமும் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். ஈரக் கரண்டி போத்தலுக்குள் போகவே கூடாது. கரண்டியில் ஒட்டிய ஒரு துளி தண்ணீர், அந்த இடத்தில் மட்டும் பூஞ்சணத்துக்கு வழி திறந்துவிடும்.

உண்மையான எதிரி காற்று. போத்தலைத் திறந்த நாள் முதல் ஒட்சிசன் கச்சான் எண்ணெயின் நிறைவுறாத கொழுப்பமிலங்களைத் தாக்கத் தொடங்கும். ஒரு மூலக்கூறு உடைந்தால் அது அடுத்ததைத் தூண்டும், சங்கிலிபோல ஓடும். பழைய எண்ணெயின் காறல் மணம் அப்படித்தான் பிறக்கிறது. கச்சானிலுள்ள விற்றமின் ஈ கொஞ்சக் காலம் தடுத்துப் பார்க்கும், அது தீர்ந்ததும் காறல் வேகமாக ஏறும். வெளிச்சமும் வெக்கையும் இதை முடுக்கிவிடும். 10 பாகை கூடினால் இரசாயனத் தாக்கத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. தகரக் கூரைக்குக் கீழே, அடுப்பங்கரைத் தட்டில், சித்திரை வெயிலில் போத்தல் என்ன பாடுபடும்!

வீட்டில் அரைத்ததை நன்றாகக் கிளறி பிரிட்ஜில் வைத்தால் எண்ணெய் இறுகி, திரும்பப் பிரியாது, மாதக்கணக்கில் நிற்கும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பதே நல்லது. சின்னப் போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி, இருட்டான இடத்தில் வைத்து, ஒன்று முடிந்த பிறகு மற்றதைத் திறக்கலாம். கடைப் போத்தல் வெளியிலேயே இரண்டு மூன்று மாதம் தாங்கும், ஆனால் நம் வெக்கைக்கு அதையும் பிரிட்ஜில் வைப்பேன்.

காறலை மூக்கு பிடித்துவிடும். அஃப்ளாடொக்சினைப் பிடிக்காது. காயாத கச்சானில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் விடும் நஞ்சு அது. ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. எந்தப் போத்தலும் இதைத் திருத்தாது. அதனால்தான் அக்கா வறுக்க முன்னம் பருப்பைச் சுளகில் பரப்பி, சுருங்கினது, கறுத்தது, பச்சை படிந்தது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிவா. அதைக் கோழிக்கும் போட விடமாட்டா. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சம் வான்கோழிகள் செத்தது, இந்த நஞ்சு கலந்த கச்சான் பிண்ணாக்கைத் தின்றுதான்.