டவுன்ஃபோர்ஸ்னா எடை இல்ல, புவியீர்ப்பும் இல்ல: அமுக்குவிசை

2025 ஜனவரில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித்தோட டீம் 992ங்கிற போர்ஷே கார் பிரிவுல மூணாவதா வந்ததுல இருந்து எங்க மண்டபம், பாம்பன் பக்கம் கார் ரேஸ் பேசாத டீக்கடையே இல்ல. சந்தோஷமான விஷயம்தான். ஆனா கூடவே ஒரு தப்பான மொழிபெயர்ப்பும் ஊரெல்லாம் பரவிடுச்சு. டவுன்ஃபோர்ஸ்னு (ஓடுற காரைக் காத்து கீழ அமுக்குற விசை) வர்ற இடத்துலெல்லாம் 'காரின் எடையைக் கூட்டும் இறக்கை'ன்னு எழுதுறாங்க, அதையே வீடியோவுலயும் வாசிக்கிறாங்க, இன்னும் சிலபேரு கிரவுண்ட் எஃபெக்ட்டை (தரையை ஒட்டிப் போறப்ப காத்தால வர்ற விளைவு) 'புவியீர்ப்பு விளைவு'ன்னே ஆக்கிட்டாங்க. அந்த மாதிரி வீடியோ ஒண்ண பக்கத்துல உக்காந்து பாத்த எங்க அக்கா மகன், "எடைதான் கூடணும்னா ரெண்டு மூட்டை வாலிநோக்கம் உப்பை ஏத்திட்டுப் போலாம்ல மாமா, எதுக்கு இறக்கை?"ன்னு கேட்டான். கேள்வி ரொம்பச் சரி. மொழிபெயர்த்தவரு அதைத் தனக்குத்தானே கேட்டிருக்கணும்.

மூட்டை ஏத்துனா டயரை அது தரையோட அழுத்தும், உண்மைதான். ஆனா வளைவுல கார் திரும்புறப்ப அந்த மூட்டையையும் சேத்துல்ல திருப்பியாகணும், அதுவும் வெளிப்பக்கமாத் தள்ளும், பிரேக் அடிச்சா அதையும் சேத்து நிறுத்தணும். கிடைச்ச பிடிமானம் அங்கயே செலவாயிடும். காத்து அமுக்குறப்ப டயருக்கு மட்டும் பாரம் கூடுது, திருப்ப வேண்டிய கனம் ஒரு கிலோகூடக் கூடுறதில்ல. லாபமே அங்கதான் இருக்கு. இன்னொண்ணு, எடை நின்னாலும் ஓடினாலும் ஒண்ணுதான், காத்தோட அமுக்கு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 100 கிலோமீட்டர் வேகத்துல இருக்கறதப்போல நாலு மடங்கு 200ல வந்துடும். எஃப் ஒன் (ஃபார்முலா ஒன்) கார் முழு வேகத்துல போறப்ப அதோட சொந்த எடையை விட இந்த அமுக்கு அதிகம். அதே கார் மெதுவான கொண்டை ஊசி வளைவுக்கு வந்தா அமுக்கம் பெருசா ஒண்ணும் இருக்காது, டயரோட பிடிமானத்தை நம்பித்தான் ஓட்டணும். இதைப் போயி புவியீர்ப்புன்னா பூமி என்ன காரோட ஸ்பீடாமீட்டரைப் பாத்தா இழுக்குது?

சொல்லோட கதை சின்னதுதான். டவுன்னா கீழ, ஃபோர்ஸ்னா விசை. விமான இறக்கை மேல தூக்கும், அதையே தலைகீழாக் கவுத்து வச்சா கீழ அமுக்கும். அமுங்கு, அமுக்கு, அமுக்கம் எல்லாம் ஒரே குடும்பம், அமிழ்றதும் அதுக்குப் பக்கத்து வீடு. அதனால நான் சொல்ற சொல் அமுக்குவிசை, பேச்சுல வெறும் அமுக்கம்னாலே போதும்.

தமிழ்ல நல்லாப் படிச்சவங்க இதுக்கு 'கீழ்நோக்கு விசை'ன்னு ஒரு சொல் வச்சிருக்காங்க. எடை, ஈர்ப்பு மாதிரி அது தப்பில்ல, ஒத்துக்கிறேன், ஆனா எனக்கு அது பிடிக்கல. முதல் காரணம், அது திசையை மட்டும்தான் சொல்லுது. தேங்கா விழுறதும் கீழ்நோக்கு விசைதான், பாடப்புத்தகத்துல புவியீர்ப்புக்கு அம்பு போட்டு எழுதுறதும் அதுவேதான், அதனாலதான் வாசிக்கிறவன் மறுபடி புவியீர்ப்புக்கே போயி நிக்கிறான். இன்னொரு காரணம், எனக்கு இதுதான் பெருசு, அதுல இருந்து ஒரு வினைச்சொல்கூடக் கிளம்பாது. 'கீழ்நோக்கு விசை குறைந்ததன் காரணமாக வாகனத்தின் பின்பகுதி பிடிமானத்தை இழந்தது'ன்னு மூச்சு வாங்க எழுதணும். 'பின்னாடி அமுங்கல, அதான் வழுக்கிருச்சு'ன்னா முடிஞ்சது. வாயில வினையா மாறாத சொல்லு கலைச்சொல் அகராதியிலயே கிடக்கும், கடைத்தெருவுக்கு வராது.

அமுக்குறதுன்னா காசை அமுக்குறதுதானே, கொச்சையா இருக்குன்னு ஒரு நண்பர் சொன்னாரு. இலங்கை வானொலி கேட்டு வளந்த எங்க கடக்கரைக்கு அது எடுபடாது. அங்குட்டு 'தாழமுக்கம்'னு ஒரே சொல்லுல சொல்லி முடிச்சதைத்தான் இங்குட்டு 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்'னு நீட்டி வாசிச்சாங்க. காத்துக்கும் அமுக்கத்துக்கும் தமிழ்ல பழைய உறவு இருக்கு. அப்ப அழுத்தம்னே சொல்லலாமேன்னா, அது பிரஷருக்குப் போயிடுச்சு, இத்தனை பரப்பு மேல இவ்வளவு விசைங்கிற கணக்கு அது. ரெண்டையும் ஒரே சொல்லுல போட்டுக் குழப்ப வேண்டாம்.

கிரவுண்ட் எஃபெக்ட் இன்னும் மோசமான சிக்கல். 'தரை விளைவு'ன்னு நேரடியா மாத்திருக்காங்க. என்ன விளைவு? விமானத்துக்கும் இதே பேருதான், ஆனா அங்க தரைக்குக் கிட்ட வரவர மிதப்பு கூடும். கூழைக்கடா கடல் தண்ணிய ஒட்டி, இறக்கை அடிக்காம வழுக்கிட்டுப் போறது அந்த மிதப்புலதான். கார்ல நடக்குறது நேர்மாறு, அடிப்பக்கம் ஒடுங்குன வழியில காத்து வேகமாப் பாய, அங்க அழுத்தம் குறைஞ்சு கார் தரைக்கு இழுபடுது. பாம்பன் ரோட்டுப் பாலத்துல டூவீலர்ல போறப்ப பஸ்ஸு ஒட்டித் தாண்டுனா முதல்ல ஒரு தள்ளு தள்ளி அப்புறம் பஸ் பக்கமா ஒரு இழுப்பு இழுக்கும்ல, அதே வேலைதான் காருக்கு அடியில. மிதக்க விடுறதுக்கும் உறிஞ்சுறதுக்கும் ஒரே 'விளைவு'ன்னு எழுதுனா வாசிக்கிறவனுக்கு என்ன புரியும்? கார்ல வர்றதுக்குத் தரையுறிஞ்சல்னே சொல்லணும். தரைக்கவ்வல்னும் ஒரு யோசனை வந்துச்சு, ஆனா மண்ணைக் கவ்வுனான்னா தமிழ்ல தோத்தான்னு அர்த்தம், ரேஸுக்கு அது ஆகாது.

இந்த ரெண்டு சொல்லும் சரியா இருந்தாத்தான் எஃப் ஒன்ல விதி மாத்துற கதையே விளங்கும். 1978ல லோட்டஸ் 79 கார் அடியில வளைவான குடைவு வச்சு, ரெண்டு பக்கமும் தரையை உரசுற தட்டி தொங்கவிட்டு (இதைப் 'பாவாடை'ன்னு மொழிபெயர்க்கிறாங்க, தட்டின்னு ஒரு நல்ல சொல்லு நம்மகிட்ட இருக்கு), வெளிக்காத்து உள்ள வராம அடைச்சாங்க, அதை ஓட்டுன ஆண்ட்ரெட்டி சாம்பியன் ஆனாரு. ஆனா தட்டி எங்கயாவது மாட்டித் தூக்கிட்டா உறிஞ்சல் பட்டுன்னு அறுந்துபோகும், வளைவுக்கு நடுவுல டிரைவரால ஒண்ணும் செய்ய முடியாது. அதனால 1981ல சறுக்குத் தட்டிக்குத் தடை, கார் தரையில இருந்து 6 சென்டிமீட்டர் உயரம் இருக்கணும்னு விதி. பிரபாம் டீம் நின்னு அளக்குறப்ப உயரமாவும் ஓடுறப்ப காத்தே அமுக்கித் தாழ்ற மாதிரியும் சஸ்பென்ஷன் பண்ணி அதைத் தாண்டிட்டாங்க. கடைசில 1983ல அடிப்பக்கம் தட்டையாத்தான் இருக்கணும்னு முடிச்சாங்க. 'புவியீர்ப்பு விளைவு தடை செய்யப்பட்டது'ன்னு இதைத் தமிழ்ல எழுதினா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

தட்டை அடிப்பக்கம் வந்த பிறகு டீமுங்க இறக்கையையும் பின்பக்க டிஃப்யூசரையும் (அடியில வர்ற காத்தை விரிச்சு வெளிய விடுற பகுதி) நம்பியே அமுக்கம் தேடுனாங்க, நாளாக நாளாக அது ஏகப்பட்ட தகடு தகடாப் பெருகிடுச்சு. அதோட பலனா முன்னால போற கார் காத்தைக் கலக்கி விட்டுடும், 10 மீட்டர் பின்னால வர்ற காருக்கு அமுக்கத்துல பாதி கிட்ட போயிடும், முந்த முடியாது. இந்த டர்ட்டி ஏரை ஒருத்தரு 'மாசடைந்த காற்று'ன்னு எழுதியிருந்தாரு, புகை விஷயம்னு நினைச்சுட்டாரு போல. தண்ணி கலங்கல்னு எங்க பக்கம் கடலுக்குப் போற யாரும் சொல்லுவாங்க, கலங்கல் காத்துன்னு வச்சா யாருக்கும் விளக்கவே வேண்டாம். இந்தக் கலங்கலைக் குறைக்கத்தான் 2022ல விதியை மாத்தி தரையுறிஞ்சலைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. உடனே புதுத் தலைவலி: வேகத்துல கார் ரொம்பத் தாழ அமுங்கி, அடியில காத்து அடைச்சு, உறிஞ்சல் விட்டு, கார் எழும்பி, காத்து ஓடி, மறுபடி அமுங்கின்னு நேர் ரோட்டுலயே குதிச்சுச்சு. அஜர்பைஜான்ல பாகு ரேஸ் முடிஞ்சு டிரைவர் ஹாமில்டன் முதுகைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்குனாரு. 2023ல தரைத்தட்டோட ஓரத்தை 15 மில்லிமீட்டர் உயர்த்தச் சொன்னாங்க. இந்தத் துள்ளலுக்கு இங்கிலீஷ்ல பார்ப்பாய்சிங்னு ஒரு கடல்விலங்குப் பேருதான், அதை 'கடற்பன்றியாட்டம்'னு எழுதினவங்க கடலையே பாத்ததில்லன்னு நினைக்கிறேன். ஓங்கில் (டால்பின்) துள்ளல்னு எழுதுங்க, ராமேஸ்வரத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

2026 விதியில தரையுறிஞ்சலைக் குறைச்சு, காரையும் சுருக்கி, குறைஞ்சபட்ச எடையை 30 கிலோ கிட்ட இறக்கிட்டாங்க. இறக்கை நேர்ரோட்டுல படுத்து அமுக்கத்தை விட்டுடும், வளைவு வந்தா நிமிந்து மறுபடி அமுக்கும். இங்க எடையும் குறையுது, அமுக்கமும் குறையுது, ரெண்டும் வேற வேற காரணத்துக்கு. ரெண்டுக்கும் 'எடை'ன்னே எழுதினா அந்த வாக்கியத்தை எழுதுனவராலயே திரும்பப் படிச்சுப் புரிஞ்சுக்க முடியாது.