நெட்மாஸ்க்: மறைப்பது எதை?

யூனிக்ஸ் இயங்குதளக் கணினியில் பிணைய அமைப்புகளைத் தாமே எழுதித் தருபவர், பிணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணாகிய ஐபி முகவரிக்கு அடுத்தபடியாகச் சந்திக்கும் சொல் நெட்மாஸ்க். இதில் ‘நெட்’ என்பது பிணையம். ‘மாஸ்க்’ இத்தாலிய மொழியின் ‘மாஸ்கெரா’விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, முகமூடி என்பது அதன் பழைய பொருள். வண்ணம் பூசுகையில் நிறம் படக்கூடாத இடத்தை மூடிவைப்பதற்கும் அச்சொல்லே வழங்குகிறது. கணினித் துறையில் அது பெறும் பொருளுக்கு நெருக்கமானது இந்த இரண்டாவதே.

பிணைய அமைப்புகளை எழுதித் தரும் இஃப்கான்ஃபிக் கட்டளையில் 192.168.1.37 என்ற முகவரியையும் 255.255.255.0 என்ற நெட்மாஸ்க்கையும் தருவதாகக் கொள்வோம். இரண்டுமே 32 பிட் எண்கள், அதாவது 0 அல்லது 1 ஆகிய 32 இலக்கங்களால் ஆனவை. புள்ளியால் பிரிந்த ஒவ்வொரு பகுதியும் 8 பிட், 255 என்பது எட்டும் 1 ஆக இருப்பது. மாஸ்க்கில் முதல் 24 பிட்கள் 1 ஆகவும் கடைசி 8 பிட்கள் 0 ஆகவும் உள்ளன. 1 உள்ள இடத்தில் முகவரியின் பிட் அப்படியே நிற்க, 0 உள்ள இடத்தில் அது மறைந்துபோகிறது. எஞ்சி நிற்கும் 192.168.1.0 பிணையத்தின் எண். மறைந்துபோன 37 அந்தப் பிணையத்துக்குள் கணினியின் எண். இதையே சுருக்கமாக, முகவரியை அடுத்துச் சாய்கோடிட்டு 24 என்றும் எழுதுவர்.

நெட்மாஸ்க்கை எழுதுகையில் ஒருமுறை நான் தவறினேன். 255.255.0.0 என்று எழுதிவிட்டேன். அருகிலிருந்த கணினிகள் பதிலளித்தன, இணையமும் கிடைத்தது, வேறொரு பிணையத்திலிருந்த 192.168.2.10 மட்டும் எட்டவில்லை. அதுவும் தன் பிணையத்திலேயே இருப்பதாக எண்ணிய கணினி, பிற பிணையங்களுக்கு வழிவிடும் நுழைவாயிலுக்கு அனுப்ப வேண்டிய தரவுப் பொதிகளை அனுப்பாமல், பக்கத்திலேயே அதைத் தேடிக்கொண்டிருந்தது.

தமிழில் ‘வலை முகமூடி’ என்பது பொருந்தாது, ஏனெனில் இங்கே யாரும் வேடமிடவில்லை. ‘பிணைய மறைப்பு’ என்பதும் பிணையமே மறைக்கப்படுவதாக மயக்கம் தரும். உண்மையில் பிணைய எண்தான் வெளிப்படுகிறது. மறைப்பு செயல்படுவது முகவரியின்மேல் என்பதால், ‘முகவரி மறைப்பு’ என்பதே என் தெரிவு. ஒரு பிணையத்தைப் பிரித்து அமைக்கும் உட்பிணையங்களுக்கு நெறி வகுத்த 1985ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 950 என்ற இணைய நெறிமுறை ஆவணமும் இதனை ‘அட்ரஸ் மாஸ்க்’ என்று குறிப்பதால், இத்தெரிவு மூலத்துக்கும் ஒத்தே அமைகிறது. உட்பிணையத்தைச் சுட்டிச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘உட்பிணைய முகவரி மறைப்பு’ என விரித்து எழுதலாம்.