ஊரைச் சுற்றி ஒரு கோடு: புறவழிச்சாலை எப்படி வடிவம் பெறுகிறது?

மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து வெளியே நடந்தால் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றையொன்று சூழ்ந்த தெருக்களைக் கடக்க வேண்டும். கடைசியாக வரும் வெளி வீதிகள், 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்ததில் கிடைத்த நிலத்தில் அமைந்தவை. அன்றைக்கு ஊரின் விளிம்பு அதுதான். இன்று ரயில் நிலையமே அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டி மேற்கே போனால் காளவாசலிலிருந்து பழங்காநத்தம் வரை ஒரு பைபாஸ் ரோடு. கடைகளும் உணவகங்களும் வரிசைகட்டி நிற்கும் அந்தச் சாலையில், ஊருக்குள் வராமல் ஒதுங்கிப் போக நினைக்கும் எந்த லாரிக்கும் இன்று வேலை இல்லை. கிழக்கே உத்தங்குடியிலிருந்து விரகனூரில் வைகையைத் தாண்டிக் கப்பலூர் வரை சுமார் 27 கிலோமீட்டர் சுற்றுச்சாலை. மேற்கே சமயநல்லூர் வழியாக இறங்கும் நான்குவழிச்சாலை. இவை போதாமல் வடக்கே வாடிப்பட்டியையும் தாமரைப்பட்டியையும் இணைக்கும் புதிய சாலை.

ஒரு நகரம் தன் புறவழிச்சாலைகளை இப்படி ஒவ்வொன்றாக விழுங்குவது விதி அல்ல. பெரும்பாலும் அது வடிவமைப்பில் விட்ட ஓட்டை. அந்த ஓட்டை எங்கே விழுகிறது என்று பார்க்க, சாலை பிறக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அது பிறப்பது மண்ணில் அல்ல, கணக்கெடுப்பில்.

நகருக்குள் நுழையும் ஒவ்வொரு நெடுஞ்சாலையிலும் ஒரு வாரம் இரவு பகலாக வண்டிகளை வகை பிரித்து எண்ணுவார்கள். இருசக்கர வண்டியும் பதினாறு சக்கர லாரியும் சாலையில் ஒரே அளவு இடத்தைப் பிடிப்பதில்லை என்பதால், எல்லாவற்றையும் ‘கார் அலகு’க்கு மாற்றுகிறார்கள். சாலைத் தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட நெறிமுறைப்படி காருக்கு 1, இருசக்கர வண்டிக்கு 0.5, லாரிக்கும் பஸ்ஸுக்கும் 3. மாட்டுவண்டிக்கு 8! அதன் உடல் பெரிது என்பதால் அல்ல. பின்னால் வருகிற அத்தனை பேரையும் தன் நடைக்கு இழுத்துவிடுகிறது என்பதால்.

எண்ணிக்கை மட்டும் போதாது. சாலையோரத்தில் காவலர் வண்டியை நிறுத்த, கணக்கெடுப்பவர் கேட்பார்: எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், என்ன சரக்கு? புறவழிச்சாலையின் தலையெழுத்து இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஊரைக் கடந்து போகிறவர்களுக்கு மட்டுமே அது உதவும். ஊருக்குள் வேலை இருப்பவர்களுக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை. சிறிய ஊரில் கடந்துபோகிறவர்களின் பங்கு பெரிது. அங்கே புறவழிச்சாலை திறந்த மறுநாளே கடைவீதி மூச்சுவிடும். நகரம் பெருக்கப் பெருக்க, எல்லையில் நுழையும் வண்டிகளில் பெரும்பகுதி அந்த நகரத்துக்கே வருகிறது. மாநகரங்களில் புறவழிச்சாலை திறந்த பிறகும் நெரிசல் குறையவில்லையே என்று எழும் புகாருக்கு முதல் காரணம் இதுதான். நெரிசலில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் உள்ளூர்க்காரர்கள் என்றால், சாலையை எவ்வளவு அழகாகப் போட்டாலும் பலன் அரைகுறைதான்.

அடுத்த கேள்வி, எத்தனை வழித்தடம். இங்கே எளிய பெருக்கல் கணக்கு பொய்த்துப்போகும். சமவெளியில் இருவழிச்சாலை ஒன்று நாளொன்றுக்கு சுமார் 15,000 கார் அலகுகளைச் சுமக்கலாம் என்கிறது அதே நெறிமுறை. நடுவே தடுப்புள்ள நான்குவழிச்சாலைக்கு 35,000; ஓரத்தில் தளமிட்ட இடமும் இருந்தால் 40,000. அகலம் இரட்டிப்பானால் கொள்ளளவு இரட்டிப்புக்கு மேல் போகிறது. இருவழிச்சாலையில் முந்திச் செல்ல எதிர்த்தடத்தைக் கடன் வாங்க வேண்டும். எதிரே வண்டி வந்தால் லாரியின் பின்னால் காத்திருக்க வேண்டும். பொறுமை இழந்தவர்கள் துணிந்து முந்துவதுதான் நேருக்கு நேர் மோதல்களாக முடிகிறது. மதுரைச் சுற்றுச்சாலை இருவழியாகத் தொடங்கிப் பின்னர் நான்குவழியாக்கப்பட்டது. என் கருத்தில், வேகமாக ஓடும் புறவழிச்சாலையை இருவழியாகப் போடுவது சிக்கனம் அல்ல. செலவைப் பின்னால் வருகிறவர்கள் தலையில் ஏற்றுவது. போக்குவரத்து ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தாலே பதினைந்து ஆண்டுகளில் அது இரண்டு மடங்காகிவிடும்.

இனி, ஊரிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட வேண்டும்? ஊருக்குள் போகும் வழி 12 கிலோமீட்டர், வேகம் மணிக்கு 20 என்று வைத்துக்கொண்டால் 36 நிமிடம். 27 கிலோமீட்டர் புறவழியில் மணிக்கு 60 வேகத்தில் போனால் 27 நிமிடம். ஒன்பது நிமிடம் மிச்சம். அதே சாலையை 40 கிலோமீட்டருக்கு விரித்தால் 40 நிமிடம் ஆகும். டீசல், சுங்கக் கட்டணம் எல்லாம் கூட்டிப் பார்த்து ஓட்டுநர் ஊருக்குள்ளேயே நுழைவார். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆங்கிலேய ஆய்வாளர் வார்ட்ராப் 1952இல் சொன்னது: ஒவ்வொருவரும் தமக்கு விரைவான வழியைத் தேர்ந்தால், பயன்பாட்டில் உள்ள எல்லா வழிகளிலும் பயண நேரம் ஒன்றுக்கொன்று சமமாகிவிடும். சிலர் புறவழிக்கு மாறியதும் ஊருக்குள் வேகம் கூடும். அந்த வேகமே வேறு சிலரை உள்ளே இழுக்கும். ஆகவே ஊர்த்தெரு முற்றிலும் காலியாகும் என்று எந்தப் பொறியாளரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

இந்தக் கணக்குகள் முடிந்த பிறகுதான் வரைபடத்தில் கோடு விழுகிறது. வீடுகள், கோயில்கள், இடுகாடுகள், உயர் அழுத்த மின்கோபுரங்கள், ரயில் பாதை, காப்புக்காடு என்று ஒவ்வொன்றும் கோட்டைத் தள்ளும். மதுரையைச் சுற்றிலும் யானைமலை, கீழக்குயில்குடி சமணர் மலை போன்ற இடங்களில் தொல்சின்னங்கள் உண்டு. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை. இத்தனை தள்ளல்களுக்கும் இணங்கி வளைந்து வளைந்து போகலாமே என்றால் இயற்பியல் விடாது.

வளைவில் திரும்பும் வண்டி வெளிப்பக்கம் வழுக்கப் பார்க்கும். அதைத் தடுப்பவை இரண்டு: டயருக்கும் தளத்துக்கும் இடையிலான உராய்வு, சாலையின் வெளிவிளிம்பை உயர்த்தித் தரும் சாய்வு. உராய்வுக்கு 0.15 என்ற பாதுகாப்பான மதிப்பையும் சாய்வுக்கு 0.07ஐயும் எடுத்துக்கொள்கிறார்கள். சாய்வை இன்னும் கூட்டினால், சரக்கை உயரமாக அடுக்கி மெதுவாக வரும் லாரி உள்பக்கம் கவிழும் அபாயம் உண்டு. வேகத்தின் வர்க்கத்தை, 127ஐ இவ்விரண்டின் கூட்டுத்தொகையால் பெருக்கி வருவதைக் கொண்டு வகுத்தால் வளைவின் மிகக் குறைந்த ஆரம் மீட்டரில் கிடைக்கும். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு 358. வசதிக்காக 360 என்று வைத்துக்கொள்கிறார்கள். வேகம் பாதியானால் ஆரம் கால்வாசி போதும். ஊர்த்தெருவில் ஒரு மூலையைச் சுற்றித் திரும்புவதுபோல் ஒரு கிணற்றையோ வீட்டையோ சுற்றி நெடுஞ்சாலை திரும்ப முடியாததற்கு இந்த வர்க்கம்தான் காரணம். நில எடுப்பில் வளைந்துகொடுக்கவில்லையே என்று மக்கள் கோபப்படும்போது, பொறியாளர் இந்தச் சூத்திரத்தைத் தமிழில் விளக்கிச் சொன்னால் பாதிச் சண்டை குறையும். சொல்வதில்லை.

நேர்க்கோட்டிலிருந்து வட்டத்துக்குத் திடீரெனத் தாவவும் முடியாது. ஸ்டியரிங்கை யாரும் ஒரே நொடியில் திருப்புவதில்லை. மெல்ல மெல்லத் திருப்புகிறோம். அதற்கு ஈடாக வளைவு சிறிது சிறிதாக இறுகும் சுருள்கோடு ஒன்றை இரண்டுக்கும் நடுவே நுழைக்கிறார்கள். நன்றாகப் போட்ட சாலையில் இதை யாரும் உணர்வதில்லை. அது விடுபட்ட சாலையில் வண்டிகள் தம் தடத்தை விட்டு விலகும். பார்வைத் தூரமும் முக்கியம். தடையைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு 2.5 நொடி என்று கணக்கு. 100 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 69 மீட்டர் ஓடியிருக்கும். நிற்பதற்கான தூரத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 180 மீட்டர். மேட்டின் மேலும் வளைவின் உட்புறத்திலும் அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இத்தனையும் எந்த நாட்டுப் பாடநூலிலும் கிடைக்கும். நம் ஊரில் தனியாகக் கவனிக்க வேண்டியது தண்ணீர். தென்மாவட்டங்களின் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல; ஒன்றின் கலுங்கு (உபரிநீர் வெளியேறும் இடம்) வழிந்து அடுத்ததற்கு வரத்துக்காலாக (நீர் கொண்டுவரும் வாய்க்காலாக)ப் போகும் தொடர்கள். ஊரைச் சுற்றி வரும் சாலை இந்தத் தொடர்களை ஏதோ ஓரிடத்தில் குறுக்கே வெட்டாமல் போக வழியே இல்லை. வெட்டுமிடத்தில், மண்ணைக் கொட்டி எழுப்பிய சாலைக்கரை ஓர் அணைதான். அதில் நீர் கடந்துபோக எங்கே, எவ்வளவு பெரிய கண் வைக்கிறோம் என்பதில் மேல்பக்கத்து வயலின் வெள்ளமும் கீழ்பக்கத்துக் கண்மாயின் வறட்சியும் அடங்கியிருக்கின்றன.

தவறு நேரும் விதங்கள் பல. மே மாதத்தில் அளக்க வருகிறவருக்கு வரத்துக்கால் வண்டிப்பாதையாகத் தெரியும். ஆண்டில் சில வாரங்களே நீர் ஓடும் அந்தப் பள்ளத்துக்கு ஒரு குழாயைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். சமதரையில் பெருமழை நீர் வாய்க்காலில் மட்டும் வருவதில்லை. பாய் விரித்ததைப் போல வயல்வெளி முழுவதும் பரவி வருகிறது. சாலை அதை ஒதுக்கித் திரட்டி ஒரே கண்ணுக்குள் தள்ளும்போது, மறுபுறம் அது மண்ணை அரித்துக்கொண்டு பாய்கிறது. பக்கத்துக் கண்மாய்க்குச் சேரவேண்டிய பங்கும் இதோடு போய்விடுகிறது. எல்லாவற்றிலும் நுட்பமானது சிறுபாலத்தின் தரைமட்டம். மிக மெதுவாக இறங்கும் வரத்துக்காலில் சிமென்ட் தரையை ஒரு முழம் உயர்த்திப் போட்டால் போதும், கடைசிக் கண்மாய் நிரம்பாது. ஒப்பந்ததாரரின் அளவுப் புத்தகத்தில் அது பிழையாகவே தெரியாது. திருச்சியில் துவாக்குடி–பஞ்சப்பூர் அரைவட்டச் சாலை நீர்நிலைகளின் குறுக்கே போகிறது என்று விவசாயிகள் எதிர்த்ததில் பணி பல ஆண்டுகள் முடங்கியது. எந்த மடை எப்போது திறக்கும், எந்தக் கலுங்கு எத்தனை ஆண்டுக்கொருமுறை வழியும் என்பதை, கண்மாய் நீரைப் பங்கிட்டுவிடும் நீர்ப்பாய்ச்சியிடம் முதல் வாரத்திலேயே கேட்பது, பின்னால் வழக்குக்கு அலைவதைவிட மலிவு.

கண்மாய்க் களிமண் மேல் கரை எழுப்பினால் அது உடனே அமர்வதில்லை. மண் துகள்களுக்கிடையே சிக்கிய நீர் மெல்ல வெளியேற, மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் கரை இறங்கும். பாலம் இறங்காது, அதையொட்டிய கரை மட்டும் இறங்கும். பாலத்தில் ஏறும்போது வண்டி தூக்கிப்போடுவது இதனால்தான். தீர்வு, நீர் வடிவதற்குச் செங்குத்து வடிகால் பட்டைகளைக் களிமண்ணுக்குள் செலுத்தி, மேலே கூடுதல் மண்ணை ஏற்றிக் காத்திருப்பது. காத்திருப்பதற்குத்தான் ஒப்பந்தக் கெடு இடம் தருவதில்லை.

கரை மண்ணை அடுக்கடுக்காகப் பரப்பி ரோலரால் இறுக்கும்போது ஈரத்தின் அளவு முக்கியம் என்று 1933இல் காட்டியவர் கலிபோர்னியாவின் பொறியாளர் பிராக்டர். காய்ந்த மண் உராய்ந்து இறுகாது. நீர் அதிகமானால் துகளுக்கிடையே இடத்தை நீரே பிடித்துக்கொள்ளும். நடுவே ஓர் ஈரத்தில்தான் அதிகபட்ச அடர்த்தி கிடைக்கும். கறுப்புக் களிமண் மட்டும் எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாமல் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும். அதை அகற்றுவார்கள், அல்லது சுண்ணாம்பு கலந்து பதப்படுத்துவார்கள்.

மேலே வரும் ஜல்லி, தார் அடுக்குகளின் தடிமனைத் தீர்மானிப்பது கார்கள் அல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ராணுவ லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டி நடத்திய சோதனையில், சாலைக்கு விளையும் சேதம், சக்கரங்களைத் தாங்கும் ஒவ்வோர் அச்சின் மேலும் விழும் எடையின் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று தெரிந்தது. அச்சின் எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய ஒரே லாரி, பல ஆயிரம் கார்களின் வேலையைத் தனியாகச் செய்துவிடும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்த வடிவமைப்பு ஓட்டைக்கு வரலாம். நிலம் எடுத்து, கரை எழுப்பி, தார் போட்டுத் திறந்த மறுமாதமே சாலையின் இருபுறமும் மனைக் கற்கள் முளைக்கின்றன. அவற்றின் முன்னே ஒரு தேநீர்க் கடை, பிறகு பெட்ரோல் பங்க், பிறகு கல்யாண மண்டபம், கல்லூரி. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நுழைவாயிலைத் திறக்கும்போது, நூறில் ஓடும் வண்டிக்கு முன்னே இருபதில் திரும்பும் வண்டி வந்து நிற்கிறது. அதைத் தாங்க வேகத்தடையும் சிக்னலும் வரும். அவை வந்த பிறகு மேற்சொன்ன 360 மீட்டர் ஆரத்துக்கும் சுருள்கோட்டுக்கும் பொருள் இல்லை. இதைத் தடுக்கும் கருவி புதிதல்ல: பிரதானச் சாலைக்கு வேலி, பக்கத்தில் அணுகுசாலை, சில கிலோமீட்டருக்கு ஒரு மேம்பாலச் சந்திப்பில் மட்டும் ஏறி இறங்க வழி. கிராமத்தார் ஆடு மாடுகளோடும் டிராக்டரோடும் கடக்கப் போதுமான சுரங்கப்பாதைகளும் கூடவே வேண்டும். இல்லையென்றால் வேலியை வெட்டுவார்கள், அதில் நியாயமும் இருக்கும். இத்தனைக்கும் ஆகும் செலவைத்தான் முதல் மதிப்பீட்டில் குறைக்கிறார்கள்.

அணுகுதலைக் கட்டுப்படுத்தியும் நிரம்பிய சாலைகள் உண்டு. லண்டனைச் சுற்றி 1986இல் முழுமையடைந்த 188 கிலோமீட்டர் எம்25 மோட்டார்வே, சில ஆண்டுகளிலேயே திணறத் தொடங்கியது. புதிய சாலை புதிய பயணங்களையே உண்டாக்குகிறது என்பதை 1994இல் பிரிட்டிஷ் அரசின் ஆலோசனைக் குழுவும் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த டுராண்டன், டர்னர் என்ற பொருளியலாளர்கள் 2011இல் இன்னும் கறாராகச் சொன்னார்கள்: பெருநகரங்களில் நெடுஞ்சாலைத் தட நீளம் கூடும் அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது.

புறவழிச்சாலையின் விலையைக் கொடுப்பவர்களில் பஸ் பயணிகளும் உண்டு. தொலைதூரப் பேருந்துகள் ஊருக்குள் வராமல் நள்ளிரவில் இறக்கிவிட, பெட்டியும் குழந்தையுமாக மேம்பாலத்தடியில் ஆட்டோவுக்குப் பேரம் பேசும் குடும்பங்களைத் தமிழ்நாட்டின் எந்தச் சுற்றுச்சாலையிலும் பார்க்கலாம். அணுகுசாலையில் விளக்கும் கூரையும் கழிப்பறையும் உள்ள ஒரு நிறுத்தம், அங்கிருந்து ஊருக்குள் போக ஒரு நகரப் பேருந்து. இவற்றுக்கான இடத்தை நிலம் எடுக்கும்போதே ஒதுக்கினால் செலவு சொற்பம். சாலை திறந்த பிறகு கேட்டால், அந்த இடத்தில் மனைக் கல் நட்டிருப்பார்கள்.