2 சென்டிமீட்டர் பாலிப்புக்கு வயிற்றைக் கிழிக்க வேண்டுமா?

கோலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் '20 மி.மீ., தட்டையான பாலிப்' (குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) என்று இருந்தால் பலருக்கும் முதலில் தோன்றுவது ஆபரேஷன் பயம்தான். புற்றுநோய் அறிகுறி இல்லாத பாலிப்புக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை. அமெரிக்காவின் மூன்று இரைப்பை, குடல் மருத்துவ சங்கங்கள் சேர்ந்து 2020-ல் தந்த வழிகாட்டி நெறி இதைத் தெளிவாகவே சொல்கிறது: முழுதாக எடுத்துவிட முடியும் என்ற நம்பிக்கை டாக்டருக்கு இல்லையென்றால், அறுவை மருத்துவரிடம் அனுப்பக் கூடாது, குழாய் வழியாகவே பெரிய பாலிப்பை எடுப்பதில் கைதேர்ந்த எண்டோஸ்கோப்பி நிபுணரிடம் அனுப்ப வேண்டும். இது சட்டமில்லை. ஆனாலும் "நிபுணர் ஒருவர் பார்க்கட்டுமே" என்று கேட்க நோயாளிக்கு இது போதும்.

குழாய் வழியாக எடுக்கும் முறைகளில் அந்த நெறி முதலிடம் தருவது இ.எம்.ஆர். (EMR) முறைக்கு. பாலிப்புக்கு அடியில் திரவம் செலுத்தி மேலே உப்ப வைத்து, சுருக்குக் கம்பியால் அறுத்தெடுப்பார்கள். 2 செ.மீ.க்கு மேல் போனால் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வரும். அதுவே இதன் பலவீனம்: ஓரத்தில் ஒட்டியிருக்கும் மிச்சம் மறுபடி வளரும். இதற்கு வைத்தியம் எளிது. எடுத்த இடத்தின் விளிம்பைக் கம்பி முனையால் சுட்டுவிடுவது. 2019-ல் வெளியான ஆய்வில், மறுபடி முளைத்த பாலிப்புகள் 21 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தன.

அடுத்தது இ.எஸ்.டி. (ESD), ஜப்பானில் வளர்ந்த முறை. சிறு கத்தியால் சுற்றிலும் கீறி, அடியிலிருந்து உரித்து ஒரே துண்டாக எடுப்பார்கள். விளிம்பும் ஆழமும் சிதையாமல் வருவதால், புற்றுநோய் இறங்கியிருக்கிறதா என்று ஆய்வகத்தில் சரியாகச் சொல்ல முடியும். ஆனால் நேரம் அதிகம், குடலில் ஓட்டை விழும் வாய்ப்பும் அதிகம். மேலோட்டமான புற்றுநோய் சந்தேகம் இருந்தால் இதுவே பொருத்தம். எல்லாப் பாலிப்புக்கும் இதைக் கேட்பது வீண்.

மின்சாரம் இல்லாமல் வெட்டும் 'கோல்ட் ஸ்நேர்' சிறிய பாலிப்புகளுக்கு வழக்கமானது. பெரியவற்றில் ரத்தக்கசிவு குறையும், ஆனால் மறுபடி முளைப்பது அதிகமாகும்.

துண்டு துண்டாக எடுத்திருந்தால் 6 மாதத்தில் மறு கோலனோஸ்கோபி, அதிலிருந்து 1 வருடத்தில் ஒன்று, பிறகு 3 வருடத்தில் ஒன்று. வலி இல்லையே என்று பலர் தவறவிடுவது அந்த 6 மாதத்தைத்தான். டிஸ்சார்ஜ் தாளில் 'ஒரே துண்டா, பல துண்டா' என்று எழுதச் சொல்லி வாங்குங்கள்.

எடுப்பதற்கு முன்பே பயாப்ஸி (ஆய்வகச் சோதனைக்குத் துளி சதை எடுப்பது), பயாப்ஸி என்று கிள்ளிக்கொண்டிருந்தால் அடியில் தழும்பு கட்டிவிடும். பிறகு திரவம் செலுத்தினாலும் பாலிப் எழும்பாது. நல்ல போட்டோக்களோடு நிபுணரிடம் போவதே மேல்.