சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கத்தி

போன வருடம் ஐப்பசி மழையில் கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி வந்தார். வயது 23. வலது ஆள்காட்டி விரலில், உள்ளங்கைப் பக்கம், நடு ரேகைக்கு நேராக மூன்று தையல் போட்ட தழும்பு. ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. "விரல் கொஞ்சம் விறைப்பா இருக்கு, எக்சர்சைஸ் மட்டும் சொல்லிக் குடுங்க டாக்டரம்மா" என்றார். எதனால் வெட்டியது என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். வண்டிச் சாவிக்கும் கடைச் சாவிக்கும் நடுவே, என் சுண்டுவிரல் அளவில் ஒரு மடக்குக் கத்தி. துபாயிலிருந்து விடுப்பில் வந்த காக்கா, அதாவது அண்ணன், கொடுத்தாராம்.

நான் பிசியோதெரபிஸ்ட். ராமநாதபுரத்தில் 16 வருடமாகக் கைகளோடுதான் வேலை. மண்டபம், பாம்பன், ஏர்வாடி, தொண்டி என்று கடலோரத்திலிருந்து வருகிறவர்களின் விரல்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். கெளுத்தி முள் குத்தியவை, வலைக்கயிறு இறுக்கியவை, அரிவாள்மனை பட்டவை. இந்தச் சின்னக் கத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அந்தக் கத்தி அழகு. உடல் டைட்டானியம், நீலமும் ஊதாவும் கலந்த நிறம். அது பெயின்ட் இல்லை. டைட்டானியத்தில் மின்சாரம் செலுத்தி மேலே மெல்லிய ஆக்சைடு படலத்தை வளர்ப்பார்கள். படலத்தின் கனத்தைப் பொறுத்து நிறம் மாறும். எனக்கு இது பழக்கமான உலோகம். 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் கலந்த இதே டைட்டானியத்தில்தான் எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடும் ஸ்க்ரூவும் செய்கிறார்கள். ஸ்க்ரூக்களின் அளவைப் பிரித்தறிய இதே முறையில் நிறமும் ஏற்றுவார்கள். மனித உடம்புக்குள் பல வருடம் துருப்பிடிக்காமல் கிடக்கிற பொருளுக்குப் பாம்பன் உப்புக்காற்று ஒரு பொருட்டே இல்லை.

அலகில் எம்390 என்று பொறித்திருந்தது. ஆஸ்திரியாவின் போலர் ஆலை தரும் எஃகு அது. குரோமியம் 20 சதவீதம், கார்பன் 1.9, வனேடியம் 4. உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60-க்கு மேல் இருக்கும். நம் வீட்டு எவர்சில்வர் கத்தி பெரும்பாலும் 55-ஐ ஒட்டியே நிற்கும். இந்த வித்தியாசத்தை விரல்தான் உணரும். வீட்டுக் கத்தி பத்து நாளில் மழுங்கும், இது மாதக்கணக்கில் கூர் நிற்கும்.

இவ்வளவு உயர்ந்த பொருளை இவ்வளவு சின்ன உருவத்தில் ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குப் புரிகிறது. இதே எஃகிலும் டைட்டானியத்திலும் பெரிய கத்தி என்றால் விலை எங்கோ போய்விடும். சின்னதில் அந்த உயர்ந்த பொருள் கைக்கு எட்டுகிறது. மோதிரம் மாதிரி தினமும் உடம்போடு இருக்கும், கூடவே ஒரு வேலையும் செய்யும். பெட்டி டேப்பைக் கிழிக்கலாம், தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நூலின் நுனியை நறுக்கலாம், இளநீர்க் கடையில் ஸ்ட்ரா உறையைப் பிரிக்கலாம். என் கைப்பையிலும் 58 மில்லிமீட்டர் ஸ்விஸ் பேனாக்கத்தி ஒன்று 12 வருடமாகக் கிடக்கிறது. அதை இன்றைக்கும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

சரி, ஆபத்து எங்கே வருகிறது? பிடியில்.

பெரிய கத்தியை நான்கு விரலும் சேர்ந்து பிடிக்கும். இதை இரண்டு விரலும் கட்டைவிரலும்தான் பிடிக்க முடியும். சாவிக்கொத்துக் கத்திகளில் பலவற்றுக்குப் பூட்டு கிடையாது. பின்னால் இருக்கும் ஒரு வில்தான் அலகைத் திறந்த நிலையில் தாங்குகிறது. நுனியை எதிலாவது குத்தித் திருகினாலோ, அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தாலோ வில் விட்டுக்கொடுத்துவிடும். அலகு பட்டென்று மடங்கும். மடங்கும் வழியில் ஆள்காட்டி விரலின் உட்பக்கம் இருக்கிறது. அந்தத் தம்பிக்கு நடந்ததும் இதுவே. கடையில் வந்திறங்கிய பார்சலின் பிளாஸ்டிக் பட்டைக்குள் நுனியை நுழைத்து நெம்பியிருக்கிறார்.

பாசி எடுக்கக் கடலுக்குள் இறங்கும் நம் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள். பாறை கிழிக்கும் என்று பார்த்தாலே தெரிகிறது. நகை மாதிரி மின்னுகிற ஒன்றுக்கு யாரும் துணி சுற்றுவதில்லை.

அப்புறம், அந்தக் கூர். மழுங்கின கத்தி தோலைப் பிய்க்கும், ரத்தம் கொட்டும், பயந்துபோய் ஓடி வருவோம். இது மயிரிழை போல இறங்கிவிடும். வலி குறைவு, காயத்தின் வாய் உடனே சேர்ந்துகொள்ளும். "சின்ன வெட்டுதான்" என்று தோன்றும். உள்ளே என்ன அறுந்தது என்று வெளியே தெரியாது.

இங்கே ஒரு சொல் நம்மைக் குழப்புகிறது. நம் ஊரில் எல்லாமே 'நரம்பு'. கையில் புடைத்துத் தெரியும் ரத்தக்குழாயும் நரம்பு, தொட்டால் உணர்வு தருவதும் நரம்பு, விரலை மடக்கும் கயிறும் நரம்பு. மூன்றும் வேறு வேறு. விரலை மடக்குவது தசைநாண். ஒவ்வொரு விரலிலும் அப்படி இரண்டு உண்டு, ஒன்று நடு மூட்டை மடக்கும், இன்னொன்று நுனி மூட்டை மடக்கும். இரண்டும் ஒரே குறுகிய உறைக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஓடுகின்றன. உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடுக்கட்டு வரைக்கும் உள்ள அந்தப் பகுதியில் தைத்தால் எல்லாம் ஒட்டிப்போய்விடும் என்று, ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்களே அங்கே கைவைக்கத் தயங்கினார்கள். மடங்கும் அலகு விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

தம்பியின் விரலைப் பிடித்தேன். நடு மூட்டை அசையாமல் நேராக அழுத்திக்கொண்டு, "நுனியை மட்டும் மடக்குங்க" என்றேன். முகம் இறுகியது, முன்கைத் தசை அசைந்தது, நுனி அசையவில்லை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டேன். விரலின் ஒரு பக்கம் சொன்னார், கட்டைவிரலை நோக்கிய பக்கம் சொல்லவில்லை. வெட்டுப்பட்டு அன்றைக்கு 12-ஆம் நாள். முதலில் போன கிளினிக்கில் "விரல் மடங்குதே, பயமில்லை" என்று தையல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். மடங்கியது உண்மை. தப்பித்திருந்த இன்னொரு தசைநாண் நடு மூட்டை மடக்கிக்கொண்டிருந்தது.

இந்தச் சோதனையை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. விரலின் உட்பக்கத்தில் எவ்வளவு சின்ன வெட்டு என்றாலும், ரத்தம் நின்றதும் நடு மூட்டை நேராகப் பிடித்து நுனி மட்டும் மடங்குகிறதா பாருங்கள். பிறகு மற்ற மூன்று விரல்களையும் நீட்டிப் பிடித்துக்கொண்டு அந்த விரலை மடக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் தொட்டு உணர்வு பாருங்கள். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் அன்றைக்கே கை அறுவை செய்யும் மருத்துவரிடம் போங்கள். மெதுவாகத்தான் சோதிக்க வேண்டும். பாதி அறுந்த தசைநாண் மடங்கிக் காட்டும், முரட்டுத்தனமாக இழுத்தால் மீதியும் போய்விடும். எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், மடக்கும்போது வலித்தால் காட்டிவிடுவது நல்லது. சில நாட்களுக்குள் தைத்தால் நேராக இணைக்க முடியும். இரண்டு மூன்று வாரம் தள்ளினால் அறுந்த முனை சுருங்கி உள்ளே போய், உறையும் இறுகி, வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்டுப்போடும் நிலை வரும்.

வெட்டியவுடன் ஓடுகிற நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடல் தண்ணீர் வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், பெட்ரோல் எதுவும் வேண்டாம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மீன் அறுக்கும்போதோ கடலுக்குள்ளோ வெட்டியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். கடல்நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா வகை உண்டு. சர்க்கரை வியாதி, ஈரல் கோளாறு உள்ளவர்களுக்குச் சில மணி நேரத்திலேயே வீக்கம், கொப்புளம், காய்ச்சல் என்று பரவிவிடும். அந்த நிலையில் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அலகு விரியும்போது பூட்டிக்கொள்ளும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். அலகுக்கும் பிடிக்கும் நடுவே விரல் தடுப்பு போல ஒரு வளைவு இருந்தால் இன்னும் நல்லது. கடலில் இறங்குகிறவர் என்றால் கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த எல்சி200என், எச்1 போன்ற எஃகுகள் உப்புநீருக்கென்றே பெயர் பெற்றவை. கூர் நிற்பதில் எம்390-ஐ எட்டாது, ஆனால் துரு அண்டாது. செம்பு, பித்தளைப் பிடிகள் இங்கே ஒரே மாதத்தில் பச்சை பூத்துவிடும். எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது மணலுக்கு. தனுஷ்கோடி போய்வந்த சாவிக்கொத்தை ஒருதரம் உதறிப் பாருங்கள். அந்தப் பொடிமணல் மூட்டுக்குள் போய்ப் பூட்டு முழுதாக விழாமல் தடுக்கும். நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நுனியால் குத்தவோ நெம்பவோ வேண்டாம், அலகை உங்களைவிட்டு வெளிப்பக்கமாக இழுத்து அறுங்கள். சபர் என்று வெளிநாட்டுப் பயணம் போகிறவர்கள் மதுரை விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் சாவிக்கொத்திலிருந்து கழற்றிப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள், கைப்பையில் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள்.

தம்பியை அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினேன். 14-ஆம் நாள் அறுவை நடந்தது. அறுந்த முனை உள்ளங்கைக்குள் சுருங்கியிருந்ததாம், தேடி இழுத்துத் தைத்தார்கள். உணர்வு நரம்பையும் இணைத்தார்கள். ஆறு வாரம் கைக்குப் பின்னால் சிம்பு, விரல் நீளாமல் தாங்கும் கட்டை. நான் மெல்ல மடக்கி நீட்டுவேன், வீட்டில் உம்மா மணி பார்த்துச் செய்வார். 12 வாரம் கனமான எதையும் தூக்கவில்லை. நரம்பு வளர்ந்து வருவது நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான், நுனியில் இப்போதுதான் ஊசி குத்துவது போலக் கூச்சம் தொடங்கியிருக்கிறது.

போன வாரம் அளந்தோம். முழுதாக மடக்கினால் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இன்னும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார். கத்தி இன்னும் அதே கொத்தில்தான் இருக்கிறது, காக்கா தந்தது என்று கழற்ற மனம் வரவில்லை. வியாழக்கிழமை மறுபடி வருகிறார்.