ஐந்து மணிக்கு இருட்டிவிடும் ஊரில் மூன்று நாள் காரில் சுற்றுவது எப்படி

பழைய வண்ணாரப்பேட்டையில் 20 ஆண்டுகளாகப் பயண ஏற்பாட்டு அலுவலகம் நடத்தி வருகிறேன். அந்தமானுக்குப் போக விரும்பி என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் ஏற்கெனவே ஒரு திட்டம் இருக்கும். தலைநகர் போர்ட் பிளேரிலிருந்து சிடியா டாப்புக் கடற்கரை சுமார் 25 கிலோமீட்டர், வண்டூர்க் கடற்கரையும் ஏறக்குறைய அதே தூரம், பாராடாங் தீவு 100 கிலோமீட்டர் என்று எழுதி, அவற்றைக் கூட்டிப் பார்த்து, "எல்லாம் பக்கத்தில்தானே சார், ஒரு கார் பிடித்தால் இரண்டு நாளில் முடித்துவிடலாம்" என்பார்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நின்று பழகியவர்கள், கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் எண்ணூர் விரைவுச் சாலையில் நகர்ந்து பழகியவர்கள், ஊரை விட்டுக் கிளம்பும்போது மட்டும் கிலோமீட்டரை நம்புவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

போர்ட் பிளேர், அதாவது 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், சிறிய தலைநகரம்தான். ஆனால் அங்கே ஒரு நாளின் நீளத்தைச் சூரியனும், படகுத்துறையும், வனச்சாவடியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. முதலில் சூரியனைச் சொல்கிறேன். இந்தியா முழுவதற்குமான கடிகாரம் கிழக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. சென்னை அந்த ரேகைக்கு அருகிலேயே இருக்க, போர்ட் பிளேர் 92.7 பாகையில் கிடக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பது கணக்கு. ஆகவே நம் கடிகாரத்தின்படி அங்கே சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாகவே பொழுது விடிந்து, முன்னதாகவே சாய்ந்தும் விடுகிறது. பள்ளி விடுமுறையை ஒட்டி நம்மவர்கள் அதிகம் போகும் டிசம்பரில், மாலை 5 மணி என்றால் அங்கே விளக்கேற்றும் நேரம்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த தொடக்கத்தில் தண்டையார்பேட்டைக் குடும்பம் ஒன்றுக்கு, சாப்பாடு முடிந்து சற்றுப் படுத்தெழுந்து மூன்றரை மணிக்குச் சிடியா டாப்புக்குக் கிளம்பினால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மெரினாவில் ஆறு மணிக்கும் வெளிச்சம் பார்த்த பழக்கம்தான் காரணம். சூரியாஸ்தமனத்துக்குப் பெயர்பெற்ற அந்தக் கடற்கரையை அவர்கள் சென்றடைந்தபோது வானத்தில் கொஞ்சம் சிவப்பு மட்டும் மிச்சமிருந்தது. காட்டுக்குள் வளைந்து வளைந்து வரும் சாலையில், மழையோடு, இருட்டில் திரும்பினார்கள். பாட்டியம்மா ஊருக்கு வந்ததும் என் அலுவலகத்துக்கே வந்து, "எங்கள இருட்டப் பாக்கவாப்பா அனுப்புன?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் எழுதித் தரும் ஒவ்வொரு நாள் திட்டத்தின் தலைப்பிலும் அன்றைய சூரியாஸ்தமன நேரத்தைக் குறித்துவிட்டுத்தான் அடுத்த வரியைத் தொடங்குகிறேன்.

அந்தமானில் அந்திப்பொழுதைப் பார்க்கப் போய்த் தாமதமாகத் திரும்பியவர்களில் மிகப் பெரிய ஆள் ஒரு வைசிராய் என்பதையும் இங்கே சொல்லலாம். 1872 பிப்ரவரி 8 அன்று மேயோ பிரபு ஹாரியட் மலைக்கு ஏறி, சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு, தீப்பந்த வெளிச்சத்தில் ஹோப்டவுன் படகுத்துறைக்கு இறங்கி வந்தபோதுதான் ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். அந்த மலை 2021 முதல் மணிப்பூர் மலை எனப்படுகிறது. 1891 போருக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மணிப்பூர்க்காரர்களின் நினைவாக வைத்த பெயர் அது. பழைய இருபது ரூபாய்த் தாளின் பின்பக்கத்தில் இருந்த தென்னந்தோப்புக் காட்சி அந்த மலைச்சரிவிலிருந்து தெரிவதுதான் என்று சொன்னால், பிள்ளைகள் மறுக்காமல் காரில் ஏறிவிடுவார்கள்.

இந்த மலைக்குப் போவதில்தான் படகுத்துறையின் கணக்கு வருகிறது. நகரத்திலிருந்து பார்த்தால் மலை கண்ணுக்கு எதிரே, விரிகுடாவுக்கு அப்பால் நிற்கும். சாத்தாம் துறையில் காரோடு வாகனப் படகில் ஏறினால் கால் மணி நேரத்தைச் சற்று ஒட்டி பாம்பூ ஃப்ளாட்டில் இறங்கலாம். படகைத் தவறவிட்டால் ஃபெரார்கஞ்ச் வழியாகத் தரைமார்க்கமாக 40 கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். படகில் குறைந்த வண்டிகளுக்கே இடம் உண்டு என்பதால் வரிசையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். நான் முதல் நாள் காலையிலேயே மலையை முடித்து, திரும்பி வந்து இறங்கும் சாத்தாமிலேயே 1883இல் தொடங்கப்பட்ட மர அறுவை ஆலையைப் பார்க்குமாறும், பிற்பகலைச் செல்லுலார் சிறைக்கு ஒதுக்குமாறும் சொல்கிறேன். 1896 முதல் 1906 வரை கட்டிய அந்தச் சிறையை முக்கால் மணி நேரத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தம். தனித்தனி அறைகளின் வரிசை முன்னால் சிறிது நேரம் பேசாமல் நிற்காதவர் அதைப் பார்த்ததாக நான் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாம் நாள் தெற்குப் பக்கம். வண்டூரும் சிடியா டாப்பும் வரைபடத்தில் ஒரே திசையில் தெரிந்தாலும் இரண்டும் வெவ்வேறு சாலைகளின் முடிவுகள். வண்டூரிலிருந்து மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஜாலி பாய் தீவுக்குப் படகில் போகிறவர்கள், அன்றைக்கு வேறெதையும் எழுதிக்கொள்ளவே கூடாது. படகு காலையில் கிளம்பும், முன்னதாக அனுமதிச் சீட்டும் வாங்கியிருக்க வேண்டும். தீவுக்குப் போகாதவர்கள் காலையில் வண்டூர்க் கடற்கரையை மட்டும் பார்த்துவிட்டு, ஊர் திரும்பிச் சாப்பிட்டு, இரண்டு மணிக்கெல்லாம் சிடியா டாப்புக்குக் கிளம்பலாம். வண்டூர் போகும் வழியில் சிப்பிகாட் பகுதியில் நீர் தேங்கி, பட்ட மரங்கள் நிற்பதைக் கவனியுங்கள். 2004 சுனாமியைக் கொண்டுவந்த நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் தரையே தாழ்ந்துபோனதால் கடல்நீர் உள்ளே வந்து வயல்களை மூடிய இடம் அது. காசிமேட்டில் அலையை மட்டும் பார்த்த நமக்கு, நிலம் இறங்கியதைப் பார்ப்பது வேறொரு பாடம்.

குளிப்பதைப் பற்றி ஒரு சொல். அந்தமானின் கழிமுகங்களிலும் சதுப்புநிலக் காடுகளிலும் உவர்நீர் முதலைகள் உண்டு. சில சமயம் கடற்கரைக்கும் வரும். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில், வலை கட்டிய எல்லைக்கு வெளியே கால் வைக்காதீர்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் நீந்திய வீரத்தை அங்கே காட்ட வேண்டாம்.

மூன்றாம் நாளுக்குத்தான் எல்லோரும் பாராடாங்கைக் கேட்கிறார்கள், நான் அதிகம் வாதாடுவதும் அதற்காகத்தான். அதிகாலை மூன்று, நான்கு மணிக்குக் கிளம்பி ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் அடையாள அட்டைகளைக் காட்டி வரிசையில் நின்றால், குறித்த நேரத்தில் காவல் வண்டியோடு எல்லா வண்டிகளையும் ஒரே அணியாக அனுப்புவார்கள். இதைக் கான்வாய் என்கிறார்கள். அடுத்த 50 கிலோமீட்டரை ஒட்டிய சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்துக்குள் ஓடுகிறது. வண்டியை நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, அவர்களுக்கு எதையும் கொடுக்கக் கூடாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மீறுவோருக்குச் சிறை உண்டு. சாலையின் அந்தப் பகுதியை மூட உச்ச நீதிமன்றம் 2002இலேயே உத்தரவிட்டும் போக்குவரத்து நிற்கவில்லை. "ஜாரவாவைப் பார்க்க முடியுமா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறவர்கள் வருகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 380 பேர் மட்டுமே இருந்த ஒரு சமூகம் அது. நம் ஊர்க் காய்ச்சலும் இருமலும்கூட அவர்களுக்குப் பெருந்தீங்காக முடியலாம். அப்படிக் கேட்டவர்களுக்கு நான் பாராடாங் ஏற்பாடு செய்து தருவதில்லை. ஒரு வாடிக்கையாளர் போனாலும் போகட்டும்.

பாராடாங்கின் சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் உண்மையாகவே பார்க்க விரும்புகிறவர்களுக்கும், முதியவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால், வேண்டாம் என்றே சொல்கிறேன். போகவரப் பத்து மணி நேரத்துக்கு மேல் காரிலும் வரிசையிலும் படகிலும் கழியும். இடையில் கழிப்பறை வசதி குறைவு. பிற்பகலின் கடைசிக் கான்வாயைத் தவறவிட்டால் இரவு அந்தப் பக்கமே தங்க வேண்டியதுதான். சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிறவர்கள் மருந்தையும் உணவையும் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். 2020இல் நம் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்ட பிறகு தலைநகரில் இணையம் சீரானது உண்மை, ஆனால் இந்தக் காட்டுச்சாலையில் கைப்பேசியை நம்பிப் பணம் செலுத்த நினைக்காமல் ரொக்கம் எடுத்துச் செல்லுங்கள்.

மே முதல் நவம்பர் வரை மழை விட்டுவிட்டுப் பெய்யும் தீவு என்பதால் திட்டத்தில் ஒரு நாள் காலியாகக் கிடக்கட்டும். கப்பலில் போகிறவர்களுக்கு அது கட்டாயம்: சென்னைத் துறைமுகத்திலிருந்து சுமார் மூன்று நாள் கடற்பயணம், புறப்படும் தேதியும் மாறக்கூடும், திரும்புகிற கப்பலை நம்பி மறுநாள் அலுவலகத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்களின் தொலைபேசி அழைப்புகள் எனக்குப் பழக்கம். அந்தக் காலி நாளில் அபர்டீன் பஜாரில் நடந்தால் தமிழ் காதில் விழும். வெற்றிமலை முருகன் கோயிலுக்கும் போய் வரலாம்.

பெட்டி கட்டும்போது கடற்கரையில் பொறுக்கிய பவளத்துண்டுகளை வெளியே எடுத்துப் போட்டுவிடுங்கள். அலை ஒதுக்கிய செத்த பவளமானாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 அதைத் தடுக்கிறது. விமான நிலையச் சோதனையில் பிள்ளையின் பையிலிருந்து அதை எடுக்கும்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.